326-ஆ, 300-ஆ? 2019-இன் கோலும் வெர்லாண்டரும்

பேஸ்பாலில் பிட்சர் (பந்து வீசுபவர்) மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வீழ்த்துவதுதான் ஸ்ட்ரைக்அவுட். 2019 அமெரிக்கன் லீக் ஸ்ட்ரைக்அவுட் பட்டியலில் முதல் இரண்டு பேருமே ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணிக்காரர்கள். கெரிட் கோல் 326, ஜஸ்டின் வெர்லாண்டர் 300. மூன்றாவதாக வந்த கிளீவ்லாந்தின் ஷேன் பீபர் 259-தான். ஒரே அணியில் இருவர் ஒரே சீசனில் 300-ஐத் தொட்டது அதற்கு முன் ஒரே முறைதான்: 2002-இல் அரிசோனாவின் ராண்டி ஜான்சனும் கர்ட் ஷில்லிங்கும்.

வெர்லாண்டர் 223 இன்னிங்ஸ் (மூன்று அவுட் சேர்ந்தால் ஓர் இன்னிங்ஸ்) வீசினார், கோல் 212⅓. குறைவாக வீசியவர்தான் 26 கூடுதலாக எடுத்திருக்கிறார். 9 இன்னிங்ஸுக்கு எத்தனை என்று போட்டால் கோல் 13.8, வெர்லாண்டர் 12.1. இந்த வழக்கமான கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. ஹிட்டும் (பேட்டர் அடித்து பேஸை அடைவது) வாக்கும் (walk: நான்கு தவறான பந்துகளால் இலவசமாக முதல் பேஸுக்குப் போவது) வாரிக் கொடுக்கும் பிட்சர் ஒரு இன்னிங்ஸில் அதிக பேட்டர்களைச் சந்திப்பார். ஸ்ட்ரைக்அவுட் வாய்ப்பும் அவருக்குக் கூடும். எனவே சந்தித்த பேட்டர்களின் எண்ணிக்கையால் வகுப்பதே சரி. கோல், 817 பேரில் 39.9%. வெர்லாண்டர், 847 பேரில் 35.4%. லீக் சராசரியே 23% அளவில்தான் இருந்தது.

ஆயுதம் இருவருக்கும் ஒன்று: ஸ்ட்ரைக் ஸோனின் (ஸ்ட்ரைக்காகக் கணக்கிடப்படும் எல்லையின்) மேல் விளிம்பில் ஃபோர்-சீம் ஃபாஸ்ட்பால், அதாவது நேராக வரும் வேகப்பந்து. பின்சுழற்சியால் பந்து கண் எதிர்பார்க்கும் அளவு இறங்காது. பேட் அதன் அடியில் வீசிப் போய்விடும். கோலின் வேகம் சராசரியாக மணிக்கு 97 மைல், வெர்லாண்டருடையது 94-95. பிட்ஸ்பர்கில் கோல் சிங்கரை நிறைய வீசினார். அது கீழே இறங்கி, அடித்தால் தரையோடு உருளும் பந்து. 2018-இல் ஹூஸ்டன் வந்ததும் அதைக் குறைத்து ஃபோர்-சீமை மேலே தூக்கினார், ஸ்ட்ரைக்அவுட் எகிறியது. வேகத்தில் பின்தங்கிய வெர்லாண்டர் ஸ்லைடர், கர்வ் என்ற வளையும் பந்துகளால் ஈடுகட்டினார். உயரப் பந்து கொஞ்சம் தாழ்ந்தால் ஹோம்ரன்தான். வெர்லாண்டர் 36 கொடுத்தார், கோல் 29.

லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வெர்லாண்டருக்குப் போனது. முதலிட வாக்குகள் 17-13. அவர் கொடுத்த ஹிட் 137, கோல் 142. ஸ்ட்ரைக்அவுட்டையும் ஹோம்ரனையும் கழித்துவிட்டு, பேட்டர் மைதானத்துக்குள் அடித்த பந்துகளை மட்டும் பாருங்கள்: வெர்லாண்டரிடம் ஹிட் ஆனவை சுமார் 22%, கோலிடம் 27%. இந்த இடைவெளியில் பீல்டர்களுக்கும் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு. பேட்டரைத் தனியாளாக வீழ்த்துவதுதான் அளவுகோல் என்றால் என் ஓட்டு கோலுக்கே.

செப்டம்பர் 28, அனஹைம். வெர்லாண்டரின் வாழ்நாள் 3000-வது ஸ்ட்ரைக்அவுட், எதிரணி பேட்டர் கோல் கால்ஹூன் (கெரிட் கோல் அல்ல). ஆனால் மூன்றாவது ஸ்ட்ரைக் கேட்சரிடம் நிற்காமல் போனதால், விதிப்படி கால்ஹூன் ஓடி முதல் பேஸை அடைந்துவிட்டார். பிட்சர் கணக்கில் ஸ்ட்ரைக்அவுட் ஏறியது, ஆள் மட்டும் அவுட் இல்லை! அடுத்து வந்த சிம்மன்ஸ் ஹோம்ரன் அடித்தார். பிறகு அதே கால்ஹூனை வீழ்த்தித்தான் சீசனின் 300-ஐயும் எட்டினார். மறுநாள் அதே மைதானத்தில் கெரிட் கோல் 10 பேரை எடுத்து 326-இல் முடித்தார்; 10-க்குக் குறையாமல் எடுத்த தொடர்ச்சியான ஒன்பதாவது ஆட்டம் அது.