செமஸ்டரின் கடைசி இரண்டு வாரம்: போர்ஷனை ஓட்டுவதா, இம்பார்ட்டன்ட் குறிப்பதா, எழுத வைப்பதா?

அக்டோபர் பாதி தாண்டினால் நெல்லைப் பக்கத்துக் கல்லூரி ஸ்டாஃப் ரூம்களில் ஒரே கேள்விதான் சுற்றி வரும்: "போர்ஷன் முடிச்சாச்சா சார்?" ஜூனில் தொடங்கிய செமஸ்டருக்கு நவம்பரில் பல்கலைக்கழகத் தேர்வு. குலசை தசரா, தீபாவளி, இன்டர்னல் தேர்வுகள், கல்லூரி விழாக்கள் எல்லாம் போக மிஞ்சுவது கடைசி இரண்டு வாரம். வடகிழக்குப் பருவமழையும் அந்த நேரம் பார்த்துத்தான் இறங்குகிறது. விடியற்காலையில் ஆட்சியர் விடுமுறை அறிவித்துவிட்டால் அன்றைய வகுப்பும் போச்சு.

அந்த மிச்ச வகுப்புகளை ஆசிரியர்கள் பொதுவாக மூன்று விதமாகச் செலவிடுகிறார்கள். நடத்தாமல் விட்ட பாடத்தை வேகமாக நடத்தி முடிப்பது ஒன்று. "இந்தக் கேள்வியெல்லாம் பார்த்துக்கோங்க" என்று குறித்துக் கொடுப்பது இன்னொன்று. புதிதாக எதையும் நடத்தாமல், நடத்தியதையே பிள்ளைகளை எழுத வைப்பது மூன்றாவது. நான் மூன்றாவது பக்கம். ஆனால் முதல் இரண்டையும் செய்கிறவர்கள் சோம்பேறித்தனத்தால் செய்யவில்லை. அவர்கள் சொல்லும் காரணத்தில் சத்து இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு பேசினால்தான் இந்த ஒப்பீட்டுக்கு அர்த்தம்.

முதலில் போர்ஷன் ஓட்டம். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் இணைவுக் கல்லூரிகளில் நாம் அதிகம் பார்க்கிற வினாத்தாளை எடுத்துக்கொள்வோம். இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75. அந்த 75-ல் ஒரு மதிப்பெண் கேள்வி 10, ஐந்து மதிப்பெண் கேள்வி 5, எட்டு மதிப்பெண் கேள்வி 5. பாடத்தில் யூனிட்டும் ஐந்துதான். ஐந்து மதிப்பெண்ணிலும் எட்டு மதிப்பெண்ணிலும் யூனிட்டுக்கு ஒரு கேள்வி. 'அ அல்லது ஆ' என்று சாய்ஸ் கொடுத்தாலும் இரண்டும் அதே யூனிட்டிலிருந்துதான் வரும். ஆக, ஐந்தாவது யூனிட்டை நடத்தாமல் விட்டால் ஒரு மதிப்பெண் கேள்விகள் இரண்டையும் சேர்த்து 15 மதிப்பெண் பக்கம் போகும். 75-ல் ஐந்தில் ஒரு பங்கு. வினாத்தாள் எடுப்பவர் வேறு கல்லூரிக்காரர். நம் வகுப்பில் மழை விடுமுறை எத்தனை நாள் வந்தது என்று அவருக்குத் தெரியாது. "முடிக்காம விட்டா பிள்ளைங்க நம்மளத்தான் சொல்லும்" என்று மூத்த ஆசிரியர்கள் சொல்வது இதனால்தான். நியாயமான பயம்.

சரி, ஓட்டி முடித்தால் அந்த 15 மதிப்பெண் கிடைத்துவிடுகிறதா? நாற்பது பக்கத்தை நான்கு வகுப்பில் முடிக்கும்போது பிள்ளைகள் கையில் சேர்வது தலைப்புகளும் பாதிப் படங்களும்தான். கரும்பலகையில் இருப்பதைக் காப்பி செய்யவே நேரம் போதாது, யோசிக்க எங்கே? அதே வாரத்தில் முதல் யூனிட்டையும் இரண்டாம் யூனிட்டையும் பிள்ளைகள் மறந்துகொண்டிருப்பார்கள். ஜூலையில் புரிந்துகொண்டதை நவம்பரில் எழுத முடியாமல் போவது, ஐந்தாவது யூனிட் தெரியாமல் போவதைவிடப் பெரிய இழப்பு. ஏனென்றால் அதற்கு நாமும் அவர்களும் ஏற்கெனவே உழைத்துவிட்டோம்.

ஐந்தாவது யூனிட்டை முழுவதுமாக விடச் சொல்லவில்லை. பழைய வினாத்தாள்களை வைத்துக்கொண்டு பார்த்தால், அந்த யூனிட்டில் எட்டு மதிப்பெண்ணுக்கு ஏற்ற தலைப்புகள் மூன்று, நான்குக்கு மேல் இருக்காது. அதில் இரண்டை ஒழுங்காக, நிதானமாக நடத்துங்கள். மற்றதை இரண்டு பக்கக் குறிப்பாக எழுதி ஜெராக்ஸ் போட்டுக் கொடுங்கள். 'அ அல்லது ஆ' என்ற அமைப்பே இதற்கு இடம் கொடுக்கிறது. அட்டெண்டன்ஸ் பதிவேட்டில் "போர்ஷன் முடிந்தது" என்று எழுதுவதற்காக ஓட வேண்டிய அவசியமில்லை.

இரண்டாவது வழி, இம்பார்ட்டன்ட் கேள்வி. பிள்ளைகள் இதைத்தான் கேட்பார்கள், கெஞ்சியே கேட்பார்கள். நாங்குநேரியிலிருந்து, முக்கூடலிலிருந்து, திசையன்விளையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, வீட்டுக்குப் போய் பீடி சுற்றும் அம்மாவுக்கு ஒத்தாசை செய்கிற பிள்ளை "சார், எல்லாம் படிக்க நேரம் இல்ல, எது வரும்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டால், அதில் தப்பே கிடையாது. இருக்கிற நேரத்தை எதில் போடுவது என்று கேட்கிறது. அதற்குப் பதில் சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது.

நாமே பத்துக் கேள்வியை டிக் போட்டுக் கொடுப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. தாள் எடுப்பவர் நாம் இல்லை. நாம் சொன்னது வராமல் போனால், அதை மட்டும் நம்பிப் படித்த பிள்ளைதான் மாட்டும். நன்றாகப் படிப்பவர்கள் எப்படியும் மற்றதையும் பார்த்திருப்பார்கள். தேர்ச்சி விளிம்பில் நிற்பவர்கள்தான் நம் பட்டியலை அப்படியே நம்புவார்கள்.

அதற்குப் பதிலாக பழைய வினாத்தாள்களை மொத்தமாகக் கொடுத்துவிடலாம். எந்தத் தலைப்பு திரும்பத் திரும்ப வந்திருக்கிறது என்று பிள்ளைகளே எண்ணட்டும். ஒரு வகுப்பில் ஐந்து குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு யூனிட் கொடுத்தால், மணி அடிப்பதற்குள் பட்டியல் தயார். நாம் குறித்த பட்டியலைவிட அது நம்பகமானது. எண்ணும்போதே கேள்வி கேட்கும் விதமும் பழகிவிடும்.

இதில் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பாடத்திட்டம் மாறியிருந்தால் பழைய தாள் தப்பான வழி காட்டிவிடும். தாளின் மேலே இருக்கும் பாடக் குறியீட்டைப் பார்த்து, இப்போதைய குறியீட்டோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்துவிட்டே கொடுக்க வேண்டும். அரியர் எழுதும் பிள்ளைகளுக்கு இது நேர் எதிராக வரும்: அவர்கள் சேர்ந்த ஆண்டின் பாடத்திட்டப்படி எழுதுகிறார்கள் என்றால் புதிய தாள்கள் அவர்களுக்கு உதவாது. ஒரே வகுப்பில் இரண்டு பட்டியல் தேவைப்படலாம். ஜெராக்ஸ் கடையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும் தாள்களை யாரும் இப்படிப் பிரித்து வைப்பதில்லை. ஆசிரியர்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

இனி எழுத வைப்பது. "திரும்பப் படி" என்று சொல்வதற்கும் "புத்தகத்தை மூடிட்டு எழுது" என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தை அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்து 2006-ல் வெளியிட்டார்கள். மாணவர்கள் சிறிய உரைநடைப் பகுதிகளைப் படித்தார்கள். ஒரு முறையில் அதையே மறுபடி படித்தார்கள். மற்ற முறையில் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தது கொஞ்சம் முந்தியது: 81 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்ததில் 75. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தலைகீழ். எழுதிப் பார்த்ததில் 56, மறுபடி படித்ததில் 42.

நம் ஊர் நிலைமைக்கு அந்த ஒரு வார இடைவெளிதான் முக்கியம். ஸ்டடி ஹாலிடேஸ் முடிந்து, ஒரு தேர்வுக்கும் அடுத்த தேர்வுக்கும் நடுவில் இடைவெளி விட்டு, மழையில் ஒரு தேர்வு தள்ளிப்போய், கடைசித் தாளுக்கு உட்காரும்போது நம் கடைசி வகுப்பு முடிந்து இரண்டு மூன்று வாரம் ஆகியிருக்கும். முதல் நாள் ராத்திரி படித்ததை மட்டும் நம்பினால் போதாது. படித்தவுடன் "எல்லாம் தெரியும்" என்று தோன்றுவது இயல்பு; அந்தத் தோற்றத்தை நம்பித்தான் பிள்ளைகள் எழுதிப் பார்க்காமல் போகிறார்கள்.

எழுத வைப்பதில் இன்னொரு லாபம் இந்தப் பக்கத்து ஆசிரியர்களுக்கு நன்றாகப் புரியும். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு பாடம் தெரியும், ஆங்கிலத்தில் ஒரு பக்கம் நிறைக்கத் தெரியாது. வகுப்பில் கேட்டால் வாயால் அழகாகச் சொல்லும். தாளில் நாலு வரியோடு நின்றுவிடும். அந்தப் பிள்ளைக்குத் தேவை இன்னொரு விளக்கம் இல்லை, எழுதும் பழக்கம். முதலில் தமிழிலேயே புள்ளி புள்ளியாக எழுதச் சொல்லி, அடுத்த நாள் அதே விடையை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். மூன்றாம் முறை எழுதும்போது தயக்கம் குறைந்திருப்பதை நீங்களே பார்க்கலாம்.

வகுப்பில் எப்படிச் செய்வது? ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வி, பதினைந்து நிமிடம், புத்தகமும் போனும் மேசைக்கு அடியில். எழுதி முடித்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் மாற்றிக்கொள்ளட்டும். விடையில் இருக்க வேண்டிய நான்கு ஐந்து விஷயங்களைப் போர்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் என்று பிள்ளைகளே திருத்தட்டும். மிச்ச நேரத்தில் வகுப்பில் பாதிப் பேர் விட்ட விஷயத்தை மட்டும் திரும்ப நடத்துங்கள். மறுநாள் வேறு யூனிட். வரிசையாக வேண்டாம், மூன்று, ஒன்று, நான்கு என்று கலைத்துப் போடுங்கள். வணிகவியலில் கணக்குக் கேள்வி, இயற்பியலில் ஒரு தருவிப்பு (டெரிவேஷன்), தமிழ் இலக்கியத்தில் ஒரு பாட்டுக்கு நயம் என்று எல்லாத் துறைக்கும் இது பொருந்தும்.

முதல் நாள் முனகல் இருக்கும். "மாடல் எக்ஸாம்தான் வருதே சார்" என்பார்கள். மாடல் எக்ஸாம் இந்த வேலையைச் செய்யாது. மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதப் பழக்கும். அதற்கு அது வேண்டும்தான். ஆனால் திருத்திய தாள் பிள்ளை கைக்கு வரும்போது பல இடங்களில் ஸ்டடி ஹாலிடேஸ் தொடங்கிவிடுகிறது. தப்பு எங்கே என்று தெரியாமலேயே அடுத்த தேர்வுக்குப் போகிறார்கள். தாளை இரண்டு நாளில் திருப்பிக் கொடுக்க முடிந்தால் மாடல் எக்ஸாம் வையுங்கள். முடியாது என்றால் அந்த நேரத்தைச் சின்னச் சின்னத் தேர்வாக உடைப்பது மேல்.

பாடம் நடத்துவதோடு நம் வேலை முடியவில்லை. நினைவூட்டல்களை எதில் அனுப்புவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூகுள் கிளாஸ்ரூம் ஒழுங்கானது: கடைசித் தேதி தெரியும், யார் அசைன்மென்ட் கொடுத்தார்கள் என்று பார்க்கலாம். ஆனால் அதைத் தினமும் திறந்து பார்க்கும் பிள்ளைகள் குறைவு. வாட்ஸ்அப் குரூப்பை எல்லோரும் பார்ப்பார்கள், ஆனால் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவில் தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாள் புதைந்துபோகும். ரீசார்ஜ் தீர்ந்த பிள்ளைக்கு இரண்டும் இல்லை. வகுப்புக் கதவில் ஒட்டிய காகிதத்துக்கு ரீசார்ஜ் வேண்டாம்; ஆனால் அன்றைக்கு வராத பிள்ளைக்கு அது தெரியாது.

நான் விரும்புவது கதவில் ஒரே ஒரு தாள், கையெழுத்தில், பெரிதாக. தேர்வுக் கட்டணத் தேதி, பிராக்டிகல் தேதி, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கும் கடைசி நாள், இன்டர்னல் மதிப்பெண் சரிபார்க்கும் நாள், 75 சதவீத அட்டெண்டன்ஸ் குறைந்தவர்கள் அலுவலகத்தைப் பார்க்க வேண்டிய நாள். இவ்வளவுதான். அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் பின் செய்து வைத்தால் வராதவர்களுக்கும் போய்விடும். குறிப்புகளுக்கு மட்டும் கிளாஸ்ரூமை விடாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி வீடுகளுக்குள் வந்தபோது புத்தகம், நோட்டு, சான்றிதழ் என்று காகிதமாக இருந்தது எதுவும் தப்பவில்லை. கிளாஸ்ரூமில் ஏற்றி வைத்த பிடிஎஃப் வெள்ளத்தில் நனையாது.

அட்டெண்டன்ஸ் குறைந்தவர்களைப் பற்றி ஒரு சொல். தாளில் பெயர் போடாதீர்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அறுவடைக்கோ கடைக்கோ போய்விட்டு வந்த பிள்ளை, கதவில் தன் பெயரைப் பார்த்தால் அப்படியே நின்றுவிடும் அபாயம் இருக்கிறது.

பாடம் நடத்தியது பற்றி மாணவர்கள் நிரப்பும் கருத்துப் படிவமும் இந்த நேரத்தில்தான் வரும். கல்லூரியின் தரத்தைக் கவனிக்கும் உள்குழுவான ஐ.க்யூ.ஏ.சி. கேட்கும் படிவத்தை நிரப்பி வாங்கித்தான் ஆக வேண்டும்; கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் (NAAC) அமைப்பின் மதிப்பீட்டுக்கு அது தேவை. ஆனால் அதில் "மிக நன்று" என்று வரிசையாக டிக் விழும். நமக்கு அதிலிருந்து தெரிய வருவது கொஞ்சம்தான். அதோடு, செமஸ்டர் முடிந்தபின் வரும் கருத்து அடுத்த பேட்ச்சுக்குத்தான் பயன்படும். எனவே இரண்டு வாரம் தொடங்கும் முதல் நாளே, பெயர் எழுதாத அரைத் தாளில் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்த செமஸ்டரில் எந்தப் பாடம் கடைசி வரை புரியாமலே போச்சு?" பதில்களைப் பிரித்து அடுக்கினால் எழுத வைக்க வேண்டிய முதல் மூன்று தலைப்புகள் கையில் கிடைத்துவிடும்.

மழை வந்து வகுப்புகள் குறைந்தால் எதை விடுவது? முதலில் ஐந்தாவது யூனிட்டின் இரண்டாவது தலைப்பைக் குறிப்பாக மாற்றுங்கள். அடுத்து, பழைய தாள் எண்ணும் வகுப்பை வாட்ஸ்அப் வேலையாகக் கொடுத்துவிடலாம். எழுதும் பதினைந்து நிமிடத்தை மட்டும், ஒரே ஒரு வகுப்புதான் மிஞ்சியது என்றாலும், விட்டுக்கொடுக்காதீர்கள்.