இடது பக்கம் செத்துப்போன இயர்போனும் இன் ஃப்ளேம்ஸும்

இன் ஃப்ளேம்ஸ் என்ற சுவீடன் மெட்டல் பேண்டை நான் கேட்க ஆரம்பித்து 19 வருடம் ஆகிறது. செல்போன் வாங்கிய ஆறாவது மாதமே அனுபவம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் நான் எழுதுவதற்கு ரொம்பத் தாமதம்தான். ஆனால் இந்த பேண்டைப் பற்றி இப்போதுதான் எனக்கு ஒரு தெளிவு வந்திருக்கிறது.

2006-ல் சேலத்தில் கல்லூரி படித்துக்கொண்டிருந்தேன். வகுப்புத் தோழன் ஒருவன் எம்பி3 சிடி ஒன்று ரைட் பண்ணிக் கொடுத்தான். மேலே நீல மார்க்கரில் 'மெட்டல்' என்று மட்டும் எழுதியிருந்தது. உள்ளே இரண்டு ஃபோல்டர். ஒன்று 1996-ல் வந்த 'தி ஜெஸ்டர் ரேஸ்', இன்னொன்று அந்த வருடம்தான் வந்திருந்த 'கம் கிளாரிட்டி'. பேண்டு பெயர் எங்கேயும் இல்லை. இரண்டையும் வேறு வேறு ஆட்களின் இசை என்றே ஒரு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரே பேண்டுதான், நடுவில் பத்து வருடம் ஓடியிருக்கிறது என்று அவன் சொன்னபோது எனக்கு ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சுவீடனில் கோதன்பர்க் ஒரு துறைமுக நகரம். 1990-ல் யெஸ்பர் ஸ்ட்ரோம்ப்ளாட் என்ற கிட்டார்காரர் அங்கே தொடங்கியதுதான் இன் ஃப்ளேம்ஸ். டெத் மெட்டலின் வேகத்தையும் உறுமல் குரலையும் வைத்துக்கொண்டு, அதன் மேல் சுவீடன் நாட்டுப்புற மெட்டும் இங்கிலாந்தின் அயர்ன் மெய்டன் பேண்டு பாணி இரட்டைக் கிட்டாரும் சேர்த்தார்கள். மெலோடிக் டெத் மெட்டல் என்று இதற்குப் பெயர். அதே ஊரிலிருந்து டார்க் ட்ராங்குவிலிட்டியும் அட் தி கேட்ஸும் வந்தன. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. டார்க் ட்ராங்குவிலிட்டியின் முதல் ஆல்பத்தில் பாடிய ஆண்டர்ஸ் ஃப்ரிடேன் பிறகு இன் ஃப்ளேம்ஸுக்கு வந்துவிட்டார். இன் ஃப்ளேம்ஸின் முதல் ஆல்பத்தில் பாடிய மிகேல் ஸ்டானே, டார்க் ட்ராங்குவிலிட்டியின் பாடகர். பக்கத்துத் தெருப் பையன்கள் டீம் மாற்றி விளையாடுகிற மாதிரிதான் அந்தக் காலத்து கோதன்பர்க் இருந்திருக்கிறது.

2000-ல் வந்த 'கிளேமேன்' வரைக்கும் ஸ்டூடியோ ஃப்ரெட்மேனில்தான் பதிவு செய்தார்கள். 2002-ல் 'ரீரூட் டு ரிமெய்ன்' ஆல்பத்துக்குத் தயாரிப்பாளரையே மாற்றினார்கள். ரசிகர்களின் சண்டை அங்கேதான் ஆரம்பம். கோரஸில், அதாவது திரும்பத் திரும்ப வரும் பல்லவியில், உறுமாத, தெளிவான குரல் வந்தது. சின்த் என்கிற எலக்ட்ரானிக் கீபோர்டின் சத்தம் முன்னால் வந்தது. பாட்டின் அமைப்பு எளிதானது. பழைய ரசிகர்களில் பாதிப் பேர் அந்த வருடத்தோடு கதவைச் சாத்திவிட்டார்கள். 'விலைபோய்விட்டார்கள்' என்ற வார்த்தையை இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நானும் சொல்லியிருக்கிறேன்.

படிப்பு முடிந்ததும் செவ்வாய்ப்பேட்டையில் மாமாவின் கொலுசுப் பட்டறைக்கு வேலைக்குப் போனேன். வளையம் வளையமாகக் கோத்துப் பற்றவைக்கிற வேலை. கண்ணும் கையும் அங்கேயே இருக்கும், காது மட்டும் சும்மா இருக்கும். ஒரு நாளைக்கு ஆறு ஏழு மணி நேரம் கேட்டிருக்கிறேன். ஒரு தடவை வீட்டில் ஸ்பீக்கரில் போட்டபோது அம்மா அடுப்படியிலிருந்து வந்து, "ஏன் கண்ணு, யாரோ யாரையோ அடிக்கிறாப்பல இருக்குதே, அவனுக்கு என்னவாம்?" என்று நிஜமான கவலையோடு கேட்டார். 'ஜெஸ்டர் ரேஸ்' ஓடிக்கொண்டிருந்தது. 'கம் கிளாரிட்டி' போட்டபோது ஒன்றும் சொல்லவில்லை, வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அந்த இரண்டு ஆல்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நான் படித்த எந்த விமர்சனமும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

இனி அந்த இயர்போன் விஷயம்.

மாதத்துக்கு ஒரு தடவையாவது ஏற்காடு நாகலூர்ப் பக்கம் அத்தை வீட்டுக்குப் போவேன். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவு. 'ஜெஸ்டர் ரேஸ்' மொத்தமே சுமார் 40 நிமிடம்தான். அடிவாரத்தில் போட்டால் மேலே போய்ச் சேருவதற்குள் ஏறக்குறைய ஒரு சுற்று முடிந்துவிடும். 2012 என்று நினைக்கிறேன், நல்ல மழை நாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது வளைவிலோ நான்காவதிலோ இயர்போனில் இடது பக்கம் செத்துவிட்டது. வயரைத் திருகிப் பார்த்தேன், ஊதிப் பார்த்தேன், வரவில்லை. சரி, ஒரு காதில் கேட்டுக்கொண்டு போவோம் என்று விட்டுவிட்டேன்.

முதல் பாட்டு 'மூன்ஷீல்ட்'. மின்சாரம் இல்லாத கிட்டாரில் மெதுவாக ஆரம்பித்து, பிறகு மொத்தக் கூட்டமும் உள்ளே வருகிற பாட்டு. எனக்கு மனப்பாடம். ஆனால் அன்றைக்குப் பாதி மெட்டைக் காணவில்லை. கேள்வி கேட்கிறது, பதில் வரவில்லை. இடது பக்கம் ஒரு கிட்டார், வலது பக்கம் ஒரு கிட்டார் என்று இரண்டும் பேசிக்கொள்வதுதான் அந்தப் பாட்டு என்பது, ஒன்று போனபோதுதான் எனக்கு உறைத்தது. நம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் இரட்டை நாதஸ்வரம் கேட்டிருப்பீர்கள். அங்கே இரண்டு பேரும் பெரும்பாலும் ஒரே ஸ்வரத்தைப் பிடிப்பார்கள். இங்கே இருவரும் வேறு வேறு ஸ்வரத்தில், ஒரே நடையில், தோளோடு தோள் உரசிக்கொண்டு போவார்கள். ஒருவர் வராமல் போனால் பாட்டு நொண்டும்.

பத்தாவது வளைவுக்கு மேல் பனிமூட்டம் வந்துவிட்டது. 'கம் கிளாரிட்டி'க்கு மாற்றினேன். அதே ஒற்றைக் காதுதான், ஆனால் பெரிதாக ஒன்றும் குறையவில்லை. குரல் முழுதாக இருந்தது, கோரஸ் இருந்தது, சின்த் இருந்தது. கிட்டார் இரண்டும் பெரும்பாலும் ஒரே விஷயத்தை வாசிப்பதால் ஒன்று போனதே தெரியவில்லை.

எனக்கு விஷயம் அங்கே புரிந்தது. எல்லோரும் கனம் குறைந்துவிட்டது, வேகம் குறைந்துவிட்டது என்று புலம்புகிறார்கள். கனமெல்லாம் அப்படியேதான் இருக்கிறது. 'கம் கிளாரிட்டி' எந்த வகையிலும் மென்மையான ஆல்பம் இல்லை. மாறியது மெட்டு உட்கார்ந்திருக்கும் இடம். பழைய ஆல்பங்களில் கிட்டார்தான் பாடும், குரல் தாளம் மாதிரி அடித்துக்கொண்டிருக்கும். 2002-க்கு அப்புறம் குரல் பாட ஆரம்பித்தது, கிட்டார் தாளத்துக்குப் போய்விட்டது. மனிதக் குரலில் மெட்டு இருந்தால் யாருக்கும் சுலபமாகப் பிடிபடும், கூடவே பாடவும் வரும். கிட்டாரில் இருக்கிற மெட்டைப் பிடிக்கத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். எளிமை என்று எல்லோரும் சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

இதில் வருத்தமான கணக்கு ஒன்றும் இருக்கிறது. 2000-களில் அமெரிக்காவில் கிளம்பிய மெட்டல்கோர் (மெட்டலும் ஹார்ட்கோர் பங்க் இசையும் கலந்த வகை) பேண்டுகள் பலவும் இந்த கோதன்பர்க் இரட்டைக் கிட்டாரைத்தான் எடுத்துக்கொண்டு பெரிய ஆளானார்கள். உலகமே அதைக் கற்றுக்கொண்டிருந்த அதே நேரத்தில், அதைச் செய்தவர்கள் அதை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். 2010-ல் யெஸ்பரும் பேண்டை விட்டுப் போய்விட்டார். 2014-ல் வந்த 'சைரன் சார்ம்ஸ்' ஆல்பத்தில் நான் தேடிப் பார்த்தும் அந்தக் கிட்டார்ப் பேச்சு கிடைக்கவில்லை. நாலு தடவை முழுசாகக் கேட்டேன். பட்டறையில் ஓடுகிற மற்ற சத்தத்தோடு சத்தமாகப் போய்விட்டது. அடுத்து வந்த 'பேட்டில்ஸ்' அதைவிடப் பளபளப்பு, எனக்கு அதைவிடத் தூரம். மூன்று நான்கு வருடம் நான் இந்த பேண்டைக் கேட்கவே இல்லை.

திரும்ப என்னை உள்ளே இழுத்தது அத்தை மகள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவளுக்கு இன் ஃப்ளேம்ஸ் என்றால் 'பேட்டில்ஸ்'தான். காபிக் களத்தில் பழம் கிளறிக்கொண்டே அதைச் சத்தமாகப் பாடுவாள். ஒரு நாள், "இதெல்லாம் ஒரு ஆல்பமா" என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். கிளறுவதை நிறுத்திவிட்டு, "மாமா, நீங்க காலேஜ்ல கேட்டது உங்களுக்குப் பெருசு. நான் பரீட்சைல ஃபெயிலாகி உட்கார்ந்திருந்தப்ப எனக்கு இதுதான் இருந்துச்சு" என்றாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து 'விலைபோய்விட்டார்கள்' என்ற வார்த்தையை நான் பயன்படுத்துவதில்லை. வழிநெடுக அந்த பேண்டு யாருக்காவது துணையாக இருந்திருக்கிறது. எனக்கு இல்லாத வருடங்களில் அவளுக்கு இருந்திருக்கிறது.

பிப்ரவரி 2023-ல் 'ஃபோர்கான்' வந்தது. பழைய ஆட்களில் மிச்சம் இருப்பது பாடகர் ஆண்டர்ஸும் கிட்டார் பியோர்ன் கெலோட்டேயும்தான். 'ஜெஸ்டர் ரேஸ்' ஆல்பத்தில் பியோர்ன் டிரம்ஸ் வாசித்தவர், 1999-ல் 'காலனி' ஆல்பத்துக்குத்தான் கிட்டாருக்கு மாறினார். இப்போது அவருக்கு ஜோடியாக, முன்பு மெகாடெத் என்ற அமெரிக்க மெட்டல் பேண்டில் இருந்த கிரிஸ் பிராடரிக். இந்த ஆல்பத்தில் இரண்டு கிட்டாரும் மறுபடி பேசிக்கொள்கின்றன. கோரஸில் தெளிவான குரலும் இருக்கிறது, அதை அவர்கள் கைவிடவில்லை. விலகிப்போன யெஸ்பர், மிகேல் ஸ்டானே உட்பட பழைய கூட்டாளிகளோடு சேர்ந்து 'தி ஹேலோ எஃபெக்ட்' என்ற பேண்டில் 2022-ல் ஒரு ஆல்பம் போட்டார். பழைய சுவைக்கு அதையும் கேட்கலாம், ஆனால் அதில் எனக்கு ஆச்சரியம் குறைவு.

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் 'கிளேமேன்' ஆல்பத்தில் ஆரம்பியுங்கள். இரண்டு காலமும் அதில் கை குலுக்கிக்கொள்ளும். அங்கிருந்து மனசு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் போகலாம். 'ஜெஸ்டர் ரேஸ்' கேட்பதாக இருந்தால் மட்டும் ஒரு வேண்டுகோள்: போனின் ஒற்றை ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். இரண்டு காதும் வேண்டும்.

'ஃபோர்கான்' வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குக் கிளம்பினேன். அத்தை மகளும் ஏதோ வேலையாகச் சேலம் வந்திருந்ததால் ஒரே பஸ்ஸில் போனோம். ஆளுக்கு ஒரு காது என்று இயர்போனைப் பிரித்துக்கொண்டோம். ஏழாவது வளைவு வரைதான் அப்படிக் கேட்டேன். அப்புறம் என் காதில் இருந்ததையும் கழற்றி, "இரண்டையும் வச்சுக் கேளு" என்று அவளிடமே கொடுத்துவிட்டேன். ஒண்டிக்கடை வரும்வரை அவள் பேசவே இல்லை. இறங்கும்போது, "மாமா, அந்த 'ஜெஸ்டர் ரேஸ்' போன்ல இருக்கா?" என்று கேட்டாள்.