பிச்சாவரம் போறீங்களா? துடுப்பு படகுல போங்க
போன ஞாயித்துக்கிழமை சிதம்பரம் கோயில் முடிச்சிட்டு அப்படியே பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டுக்கு (மாங்குரோவ் காடு) போனோம், பதினஞ்சு கிலோமீட்டர் கிட்ட வரும். மோட்டார் படகா துடுப்பு படகான்னு கவுன்டர்ல கேட்டாங்க, வீட்ல பசங்க மோட்டார்னு குதிச்சாங்க, நான் விடல. ஏன்னா மோட்டார் அகலமான வாய்க்கால்ல சும்மா ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வந்துரும், துடுப்பு படகு தான் அந்த குறுகலான சந்துக்குள்ள நுழையும், தலைக்கு மேல சுரபுன்னை கெளை குகை மாதிரி மூடிக்கும், வேர் எல்லாம் தண்ணிக்கு மேல கால் ஊணி நிக்கும், உள்ள போனா வெயிலே தெரியாது. சத்தமும் இல்ல, கொக்கு பறக்குற சத்தம் கூட கேக்குது.

துடுப்பு போட்ட அண்ணன் தில்லை மரத்த காட்டுனாரு, அந்த பேர்ல தான் சிதம்பரத்துக்கே தில்லைன்னு பேரு, ஆனா கெளைய ஒடிச்சிராதீங்க, பால் கண்ணுல பட்டா போச்சு. ஒரு திருப்பத்துல இருளர் அம்மாங்க ரெண்டு பேரு கழுத்தளவு தண்ணில வலையே இல்லாம கையால தடவி இறால் புடிச்சு பல்லுல கடிச்சிருக்க பறிக்கூடைல போட்டுட்டு இருந்தாங்க, வாயடைச்சு போயிட்டோம்.

காலைல சீக்கிரம் போங்க, தொப்பி தண்ணி கையோட எடுத்துக்கோங்க. லைஃப் ஜாக்கெட் கொஞ்சம் வேர்வை நாத்தம், அதுக்காக கழட்டிறாதீங்க. குளிக்கலாம்னு நெனச்சு டவல் கொண்டு போன ஒரே ஆளு என் மச்சான் தான், சேறு இழுத்துரும், எறங்காதீங்க. மார்க் போடணும்னா அஞ்சுக்கு நாலரை.