சென்ட்ரல் பார்க்கா, ஃபிளஷிங் மெடோஸா: மைக்கோடு விழா நடத்த எது தோது?

நியூயார்க்கில் தமிழ் விழா ஒன்றைத் திறந்தவெளியில் நடத்தலாம் என்று பேச்சு எழுந்த உடனேயே செயற்குழு இரண்டாகப் பிரிந்துவிடும். மன்ஹாட்டனில் வேலை பார்க்கும் இளைஞர்கள் சென்ட்ரல் பார்க் என்பார்கள். குவீன்ஸில் குடும்பத்தோடு இருப்பவர்கள் அங்குள்ள ஃபிளஷிங் மெடோஸ் பூங்கா என்பார்கள். எங்கள் கோடைக் கூடலுக்கு இரண்டு இடத்தையும் விசாரித்து, கடைசியில் ஃபிளஷிங் மெடோஸுக்கே போனோம். விண்ணப்ப வேலைகள் என் பொறுப்பில் இருந்தன. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் டிக்கெட் விற்கும் கச்சேரி, பெரிய மேடை, வணிக விளம்பரம் என்று நாங்கள் போனதில்லை. ஆகவே இங்கே சொல்வதெல்லாம் ஐம்பது முதல் முந்நூறு பேர் வரை கூடும் சங்க நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே பொருந்தும்.

பொதுவானவற்றை முதலில் முடித்துவிடலாம். இரண்டும் நகரத்தின் பூங்காத் துறைக்குக் கீழ் வருபவை. இருபது பேருக்கு மேல் கூடினால் சிறப்பு நிகழ்ச்சிக்கான பெர்மிட் வேண்டும். விண்ணப்பம் இணையத்தில், கட்டணம் 25 டாலர், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அது திரும்பி வராது. மூன்று நான்கு வாரமாவது முன்னதாகப் போட வேண்டும். கோடைச் சனி ஞாயிறுகளுக்கு அதுவும் போதாது. மது கூடாது, அடுப்பு மூட்ட ஒதுக்கிய இடத்தைத் தவிர வேறெங்கும் நெருப்பு கூடாது. விழாவின் அளவைப் பார்த்துக் காப்பீட்டுச் சான்றிதழும் கேட்பார்கள். பணத்தையோ படிவத்தையோ வைத்து ஒன்றைவிட மற்றொன்று மேல் என்று சொல்ல வழியில்லை.

பெருமையில்தான் வித்தியாசம் தொடங்குகிறது. சென்ட்ரல் பார்க், ஓம்ஸ்டெட், வாக்ஸ் என்ற இரு வடிவமைப்பாளர்கள் 1858இல் போட்டியில் வென்ற வரைபடத்தின்படி எழுந்தது. 843 ஏக்கர். 1963இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இன்ன மரத்தடியில் விழா என்று அழைப்பிதழில் போட்டாலே கூட்டம் வந்துவிடும். ஃபிளஷிங் மெடோஸுக்கு அந்தக் கம்பீரம் கிடையாது. நகரத்தின் நிலக்கரிச் சாம்பலைக் கொட்டிய மேட்டை வாரியெடுத்துச் சமன்படுத்தி 1939 உலகக் கண்காட்சிக்காக உருவாக்கிய இடம் அது.

ஆனால் "இதில் என்ன வரலாறு?" என்று கேட்பவர்களிடம் நான் ஒன்றைச் சொல்வேன். மன்ஹாட்டனில் இன்றைய கட்டடம் வருவதற்கு முன் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1946 முதல் 1950 வரை கூடியது இந்தப் பூங்காவுக்குள் இருக்கும் கட்டடத்தில்தான். இப்போது அது குவீன்ஸ் அருங்காட்சியகம். பாலஸ்தீனத்தைப் பிரிக்கும் 1947 நவம்பர் தீர்மானத்தின் வாக்கெடுப்பு நடந்ததும் அங்கேதான். இதே இடத்தில் நடந்த 1964 உலகக் கண்காட்சிக்காக நிறுத்திய 140 அடி உயர எஃகு உருண்டையான யுனிஸ்பியர், 1995இல் நகரத்தின் அடையாளச் சின்னப் பட்டியலில் சேர்ந்தது. குழுப் படத்துக்கு அதைவிட நல்ல பின்னணி வேண்டும் என்று இதுவரை எங்களில் யாரும் கேட்டதில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மைக்.

தமிழ் விழா என்றால் மைக் வேண்டும். வரவேற்புரை, திருக்குறள் ஒப்புவித்தல், பட்டிமன்றம், கும்மிக்குப் பாட்டு என்று எல்லாமே ஒலிபெருக்கியை நம்பி இருக்கின்றன. மைக் இல்லாமல் இருநூறு பேரைப் புல்வெளியில் உட்கார வைத்தால் அது சாப்பாட்டோடு முடிந்துவிடும். எனவே எந்தப் பூங்காவைப் பார்த்தாலும் அழகு, தூரம், கழிப்பறை ஆகியவற்றுக்கு முன்பாக ஒலிபெருக்கிக்கு எங்கே இடம் தருவார்கள் என்று கேளுங்கள்.

சென்ட்ரல் பார்க்கில் அந்தக் கேள்விக்கான பதில் சுருக்கமானது. ஷீப் மெடோ, ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ், ஷேக்ஸ்பியர் தோட்டம், கன்சர்வேட்டரி தோட்டம் என்று ஆசைப்படத்தக்க இடங்கள் பலவும் அமைதி மண்டலங்கள். ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸில் எப்போது போனாலும் யாராவது கிட்டார் வாசித்துக்கொண்டிருக்கிறார்களே என்பீர்கள். அது தனியாளின் சமாச்சாரம். பெர்மிட்டில் பெயர் போட்டுக் கையெழுத்திட்ட சங்கத்துக்கு, பெர்மிட்டில் எழுதியிருப்பதுதான் சட்டம். பறையைக் கொண்டுபோய் இந்த இடங்களில் அடிக்க முடியாது.

அங்கே ஒலிக்கென்றே கட்டிய இடமும் உண்டு. எல்ம் மர நடைபாதையின் முனையில் 1923இல் எழுந்த நாம்பர்க் பேண்ட்ஷெல் என்ற திறந்தவெளி இசை மேடை. அதற்கு ஆசைப்படுகிறவர்கள் அதன் வழக்கு வரலாற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இனவெறிக்கு எதிரான ராக் இசைக் குழு ஒன்று ஆண்டுதோறும் அங்கே கச்சேரி நடத்தியது. அருகில் ஷீப் மெடோவில் படுத்திருந்தவர்களும் சென்ட்ரல் பார்க் வெஸ்ட் குடியிருப்புவாசிகளும் சத்தம் தாங்கவில்லை என்று புகார் செய்தார்கள். நகர நிர்வாகம் 1986இல் புதிய விதி போட்டது: ஒலிக் கருவியும் நகரத்துடையது, அதை இயக்கும் ஆளும் நகரத்தின் ஆள். குழு வழக்குப் போட்டது. 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. என்ன பேசுகிறாய் என்பதை அரசு தொடக்கூடாது, எவ்வளவு உரக்கப் பேசுகிறாய் என்பதை ஒழுங்குபடுத்தலாம் என்பது அதன் சாரம். பூங்காக்களில் ஒலிக்கு வரம்பு போடும் பேச்சு எழும்போதெல்லாம் இந்த வழக்கைத்தான் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். அத்தகைய மேடையில் எங்கள் வட்டாரத்துத் தவில்காரரை ஏற்றிவிட்டு, ஒலி அளவைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பொறுமை எனக்கில்லை.

ஃபிளஷிங் மெடோஸில் இதற்கு நேர்மாறு. அங்கே அமைதியைக் குலைக்க நமக்கு வாய்ப்பே இல்லை, ஏனென்றால் அமைதி முதலிலேயே இல்லை. ஒரு பக்கம் வேன் விக் நெடுஞ்சாலை, மறுபக்கம் கிராண்ட் சென்ட்ரல் பார்க்வே, தலைக்கு மேலே லாகார்டியா விமானங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் எக்வடோர் குடும்பங்களின் வாலிபால் ஒரு பக்கம், கொலம்பியப் பாட்டு ஒரு பக்கம், ஏரியில் படகுக்காரர்கள் இன்னொரு பக்கம். நம் நாதஸ்வரமும் அதில் ஒன்றாகிவிடுகிறது. குடியிருப்புகள் நெருங்கி இல்லாததால் புகார் சொல்லவும் ஆளில்லை.

இதனால் ஒலி அனுமதி தானாகக் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். எந்தப் பூங்காவானாலும் ஒலிபெருக்கிக்குத் தனி பெர்மிட் உண்டு, அதைக் கொடுப்பது பூங்காத் துறை அல்ல, காவல் துறை. அந்த வட்டாரக் காவல் நிலையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 45 டாலர், நிகழ்ச்சிக்கு ஐந்து நாளாவது முன்னதாக. பூங்கா அனுமதி கையில் இருந்தால்தான் அங்கே பேச்சே தொடங்கும். சென்ட்ரல் பார்க்குக்கு என்று பூங்காவுக்குள்ளேயே தனிக் காவல் நிலையம் இருக்கிறது. ஃபிளஷிங் மெடோஸுக்கு எல்ம்ஹர்ஸ்டில் உள்ள 110ஆம் எண் நிலையம். பள்ளி, வழிபாட்டு இடம் இவை இயங்கும் நேரத்தில் அவற்றிலிருந்து 500 அடிக்குள் ஒலிபெருக்கி வைக்க நகரச் சட்டத்தில் தடை உண்டு. மருத்துவமனைக்கும் அதே தூரம். பெரிய பூங்காவின் நடுவில் அது சிக்கலே இல்லை. ஓரத்தில் இடம் கேட்டால் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, புல். சென்ட்ரல் பார்க்கைப் பராமரிக்கும் கன்சர்வன்சி 1980இல் தொடங்கிய தனியார் அமைப்பு. மண்ணாகக் கிடந்த கிரேட் லான் என்ற பெரிய புல்வெளியைத் திருத்தி 1997இல் பச்சைக் கம்பளமாகத் திறந்தார்கள். அதன்பின் அந்தப் புல் அரசியலாகிவிட்டது. 2004இல் குடியரசுக் கட்சி மாநாட்டின்போது போர் எதிர்ப்பாளர்கள் பேரணிக்குக் கேட்டபோது புல் கெட்டுவிடும் என்று நகர நிர்வாகம் மறுத்தது. அதை எதிர்த்துப் போட்ட வழக்கு 2008இல்தான் சமரசமானது. மறுபக்கம் அந்தக் கவலை வீண் என்றும் சொல்ல முடியாது. 2023 செப்டம்பரில் மழையோடு நடந்த குளோபல் சிட்டிசன் இசை விழா புல்லைச் சேறாக்கியதில், கிரேட் லானின் ஒரு பகுதியை அடுத்த ஏப்ரல் வரை மூடி வைத்தார்கள். நம்மைப் போன்ற சிறு கூட்டத்துக்கு இதன் பொருள் எளியது: முதல்நாள் மழை பெய்து புல்வெளியை மூடிவிட்டால், பெர்மிட் கையில் இருந்தும் பயனில்லை. தரையில் முளை அடித்துப் பந்தல் போடும் ஆசையையும் விட்டுவிட வேண்டும். ஃபிளஷிங் மெடோஸில் கண்காட்சிக் காலத்துத் தளம் போட்ட அகன்ற நடைபாதைகள் நிறைய இருப்பதால், விண்ணப்பத்திலேயே தளத்தை ஒட்டிய இடமாகக் கேட்டுவிட்டோம்.

ஃபிளஷிங் மெடோஸின் குறைகளையும் சொல்கிறேன். நிழல் குறைவு. மதிய வெயிலில் தாத்தா பாட்டிகளை உட்கார வைக்க இடம் தேட வேண்டும். பட்டிமன்றத்தில் நடுவர் தீர்ப்புச் சொல்லும் நேரமாகப் பார்த்து விமானம் வரும். டேவிட் டிங்கின்ஸ் மேயராக இருந்தபோது இதே பூங்காவில் நடக்கும் யுஎஸ் ஓப்பன் டென்னிஸுக்காக லாகார்டியா விமானங்களின் பாதையையே திருப்ப ஏற்பாடு செய்தார். கணவனா மனைவியா பட்டிமன்றத்துக்கு அந்தச் சலுகையை யாரும் தரப்போவதில்லை. பேச்சாளர்கள் நிறுத்தி நிதானித்துப் பேசப் பழகிக்கொண்டார்கள், சிலருக்கு அது நல்லதாகவும் போயிற்று.

சாப்பாட்டு விஷயத்தில் போட்டியே இல்லை. பவுன் தெருவில் 1977இல் குடமுழுக்குக் கண்ட பிள்ளையார் கோயிலும், அதன் அடித்தளத்து உணவகமும் பூங்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. நூறு பேருக்கு இட்லி பொங்கல் சொல்லிவைப்பது அந்த வட்டாரத்தில் பெரிய காரியமல்ல. சென்ட்ரல் பார்க்கின் நடுவே சாம்பார் வாளியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். வண்டி உள்ளே போகாது. ஒன்று மட்டும்: வந்தவர் போனவர் எல்லோருக்கும் உணவு என்று பொதுமக்களுக்குத் திறந்துவிட்டால் சுகாதாரத் துறையின் அனுமதி தனியாக வேண்டும். உறுப்பினர்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

புரூக்ளினின் ப்ராஸ்பெக்ட் பார்க்கையும் சிலர் சொல்கிறார்கள். அதே ஓம்ஸ்டெட், வாக்ஸ் இருவரின் கைவண்ணம்தான், அழகில் குறைவில்லை. புரூக்ளினில் உறுப்பினர்கள் அதிகம் இருந்தால் பாருங்கள். எங்களுக்கு அங்கே போய் வந்த அனுபவம் இல்லை.

சென்ட்ரல் பார்க்கையே தேர்ந்தெடுக்க வேண்டிய சந்தர்ப்பமும் உண்டு. மைக் தேவைப்படாத சிறு நிகழ்ச்சிகள்: மாலை மாற்றிக்கொள்ளும் திருமணம், வளைகாப்புப் படம், கவிதை வாசிப்பு. இருபது பேருக்குள் என்றால் பெரும்பாலும் பெர்மிட்டே வேண்டாம். அங்கே ஏரிக்கரையில் உள்ள லேடீஸ் பெவிலியன் மண்டபத்தில் எடுக்கும் படத்துக்கு யுனிஸ்பியர் ஈடாகாது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். அட்சதை தூவ மட்டும் ஆசைப்படாதீர்கள், அரிசியோ காகிதத் துகளோ இறைக்க அனுமதியில்லை. பலூனும் கூடாது.

ஃபிளஷிங் மெடோஸ் என்று முடிவானால் முதலில் பார்க்க வேண்டியது பூங்காத் துறையின் இணையதளத்தை அல்ல, பூங்காவை ஒட்டி மைதானம் வைத்திருக்கும் மெட்ஸ் பேஸ்பால் அணியின் ஆட்ட அட்டவணையை. சொந்த மைதான ஆட்டம் உள்ள நாளில் கார் நிறுத்த இடம் கிடைக்காது, 7ஆம் எண் ரயிலிலும் நிற்க இடமிருக்காது. ஜூனில் கவர்னர்ஸ் பால் இசை விழா 2023 முதல் இந்தப் பூங்காவுக்கு வந்துவிட்டது, அந்த வார இறுதியை விட்டுவிடுங்கள். ஆகஸ்டில் மெடோ ஏரியில் டிராகன் படகுப் போட்டி, மாத இறுதியிலிருந்து டென்னிஸ். இவை போக மிஞ்சும் ஞாயிறுகளில் இரண்டைக் குறித்துக்கொண்டு, முதல் தேதி, மாற்றுத் தேதி என்று பூங்காத் துறையிடம் கேளுங்கள். அவர்கள் கடிதம் வந்த மறுநாளே காவல் நிலையத்துக்குப் போய்விடுங்கள். அழைப்பிதழ் அதற்குப் பிறகு அச்சாகட்டும்.