புதிய கணக்குக்குப் பெயரா, எண்ணா, தற்செயல் எழுத்துகளா?

புதியவர் ஒருவருக்குக் கணக்கு திறக்கும் நிர்வாகிக்கு மூன்று வழிகள் உண்டு: ஆளின் பெயரிலிருந்தே பயனர்பெயரை உருவாக்கலாம், வரிசை எண் கொடுக்கலாம், தற்செயல் எழுத்துகளைக் கோத்துத் தரலாம். எது சிறந்தது என்ற வாதம் ஓயாமல் நடப்பதற்குக் காரணம், உள்நுழைவதற்கும் மின்னஞ்சல் கடிதம் பெறுவதற்கும் ஒரே சரத்தை, அதாவது ஒரே எழுத்துக்கோவையை, பயன்படுத்த நினைப்பதுதான் என்பது என் கருத்து.

பெயர் வழி எல்லோருக்கும் பிடிக்கும். கவிதா.முருகன் என்ற முகவரியைத் தொலைபேசியில் ஒருமுறை சொன்னால் போதும். இரண்டாவது கவிதா முருகன் வேலையில் சேரும் நாளில் தலைவலி தொடங்குகிறது. பெரும்பாலான நிரல்கள் யோசிக்காமல் 2 என்று ஒட்டிவிடும். அதன்பின் இரண்டாமவருக்கு எழுதப்படும் சம்பள விவரம் முதலாமவரின் பெட்டியில் போய் விழும். அனுப்புகிறவர் கடைசி எண்ணை மறப்பது இயல்பு. துறையின் பெயரைச் சேர்த்தால் ஆள் துறை மாறும்போது அது பொய்யாகிவிடும். நடுப்பெயரின் முதலெழுத்து ஓரளவு பரவாயில்லை, நடுப்பெயர் என்று ஒன்று இருந்தால்.

நீளமும் ஒரு தொல்லை. மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்கு முந்தைய பகுதி 64 எண்பிட்டுகள் (பைட்டுகள்; ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒன்று) வரை இருக்கலாம். ஆனால் நிறுவனங்களின் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியில் பழைய பாணி உள்நுழைவுப் பெயருக்கு 20 எழுத்துகளே எல்லை. நீளமான இரு பெயர்களை அங்கே வெட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடக்கூடும். ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவருக்கு நிரல் புள்ளியை அந்தரத்தில் தொங்கவிடும். புள்ளியில் தொடங்கும் அல்லது முடியும் முகவரியை மின்னஞ்சல் தரம் சாதாரண வடிவில் ஏற்பதில்லை.

வரிசை எண்ணுக்கு இந்த வம்பு எதுவும் இல்லை. தரவுத்தளமே அடுத்த எண்ணைக் கொடுக்கும், இருவருக்கு ஒரே சரம் விழும் மோதல் என்ற பேச்சே கிடையாது. ஆனால் 10452 இருந்தால் 10453 உம் இருக்கும் என்று யாரும் ஊகிக்கலாம். பொதுவான ஒரு கடவுச்சொல்லை எல்லாக் கணக்குகளிலும் வரிசையாகப் போட்டுப் பார்ப்பவருக்கு இது வசதி. பெயர் வழியும் இதில் உத்தமம் இல்லை; ஊழியர் பட்டியல் கையில் இருந்தால் அதையும் ஊகித்துவிடலாம்.

தற்செயல் எழுத்துகளைப் பற்றித்தான் தவறான நம்பிக்கை அதிகம். நான்கு இலக்கங்களில் 10,000 சேர்க்கைகள் இருப்பதால் சில நூறு பேருக்குத் தாராளம் என்று தோன்றும். உண்மையில் சுமார் 120 பேர் சேர்ந்தாலே எங்காவது இருவருக்கு ஒரே எண் விழும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. 23 பேர் கூடினால் இருவரின் பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதியைத் தாண்டும் என்ற அதே கணக்கு இது. 26 எழுத்துகளும் 10 இலக்கங்களும் கலந்த ஆறெழுத்துச் சரங்கள் சுமார் 217 கோடி. அங்கும் ஏறக்குறைய 55,000 பேரில் பாதி வாய்ப்பு வந்துவிடுகிறது. கணினிகள் தனித்த அடையாளத்துக்கு உருவாக்கும் நீண்ட சரமான யூயூஐடியின், 122 தற்செயல் பிட்டுகள் கொண்ட நான்காம் வகையில் மோதலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அதைத் தட்டச்சு செய்யச் சொன்னால் ஊழியர்கள் வேலையை விட்டே போய்விடுவார்கள்.

பெயரையும் எண்ணையும் கலந்த டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியின் அனுபவம் கவனிக்கத்தக்கது. ஒரே பெயரைப் பலர் வைத்துக்கொள்ளலாம், பின்னால் வரும் நான்கு இலக்கம் வேறுபடுத்தும் என்ற முறையை அது 2023இல் கைவிடத் தொடங்கியது. பலருக்குத் தம்முடைய இலக்கங்களே நினைவில் இல்லை என்பது அந்நிறுவனம் சொன்ன காரணங்களில் ஒன்று.

ஆகவே நான் பிரித்தே வைப்பேன். உள்நுழைய, பொருள் எதுவும் இல்லாத, என்றைக்கும் மாறாத ஒரு குறுஞ்சரம். பூச்சியம், ஓ, ஒன்று, எல் போன்ற குழப்பும் எழுத்துகளை அதில் சேர்க்கக் கூடாது. கடிதத்துக்குப் பெயரில் முகவரி. ஒருவர் பெயரை மாற்றிக்கொண்டால் புதிய முகவரி கொடுத்து, பழையதை மாற்றுமுகவரியாக அவரிடமே விட்டுவிடலாம். முப்பது பேர் உள்ள இடத்தில் இவ்வளவு ஏற்பாடு வேண்டாம். இரண்டுக்கும் பெயரே போதும்.

எந்த வழியானாலும், பெயர் காலியாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துப் பிறகு எழுதும் நிரலை மட்டும் நம்பக் கூடாது. ஒரே பெயரைக் கேட்டு இரண்டு கோரிக்கைகள் ஒரே நொடியில் வந்தால் இரண்டுக்கும் 'காலி' என்ற பதிலே கிடைக்கும். ஒரே சரம் இருமுறை பதிவாவதை மறுக்கும் தனித்துவக் கட்டுப்பாட்டைத் தரவுத்தளத்திலேயே போட்டு, அது மறுத்தால் அடுத்த சரத்தை முயல்வதே சரி. ஒப்பிடுவதற்கு முன் பெரிய எழுத்துகளைச் சிறியதாக்கிவிட வேண்டும். போஸ்ட்மாஸ்டர், அப்யூஸ் போன்ற பொறுப்பு முகவரிகளை 1997இல் வந்த ஆர்எஃப்சி 2142 என்ற இணையத் தர ஆவணம் பட்டியலிட்டிருக்கிறது. அவற்றை எவருக்கும் கொடுக்கக் கூடாது.

விலகியவரின் முகவரியைப் புதியவருக்குக் கொடுப்பதை நான் அறவே எதிர்க்கிறேன். யாஹூ 2013இல் நெடுநாள் பயன்படாத முகவரிகளை மறுபடி வழங்கியபோது, முந்தைய உரிமையாளர்களுக்கான கடிதங்கள் புதியவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. கடவுச்சொல்லை மீட்கும் இணைப்புகளும் அப்படித்தான் வந்து விழும். கணக்கை மூடும்போது முகவரியை அட்டவணையிலிருந்து அழிக்காமல், ஒருமுறை வழங்கப்பட்டது என்ற குறியோடு அங்கேயே விட்டுவைத்தால் போதும்.