500 சொல்லா, அரைமணி நேரமா? ஒரு தண்டல் கணக்கு

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண், மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டாள்: "அக்கா, நானும் கதை எழுதலாம்னு இருக்கேன். ஒரு நாளைக்கு எவ்ளோ எழுதணும்?" டப்பாவை மூடிக்கொண்டே, "எவ்ளோன்னு கேக்காத. எவ்ளோ நேரம்னு கேளு" என்றேன். ஏதோ பெரிய அனுபவசாலி மாதிரி சொல்லிவிட்டேனே தவிர, அந்தப் பதிலுக்கு வந்துசேர எனக்கு ஒன்றரை வருஷம் பிடித்தது. அந்தக் கதைதான் இது.

வீடு வடசென்னையில், திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கம். வேலை பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில். நாள் முழுக்க ஷிப்பிங் பில்லும் கன்டெய்னர் நம்பருமாகப் போய்விடும். எழுதுவது சிறுகதை.

புதிதாகக் கதை எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வகையில் இலக்கு வைத்துக்கொள்கிறார்கள். தினமும் இத்தனை சொல் என்பது ஒன்று. தினமும் இத்தனை நேரம் என்பது இன்னொன்று. மாதம் ஒரு கதையை முடித்தே தீருவது மூன்றாவது. 'இந்த வருஷத்துக்குள் அச்சில் பேர் வரணும்' என்பதை நான் இதில் சேர்க்கவில்லை. அது பத்திரிகை ஆசிரியர் மேசையில் நடக்கிற காரியம், நம் கையில் இல்லை. மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன். நான் நேரக் கணக்கின் கட்சி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2023 ஜூனில் தொடங்கியது சொல் கணக்கில்தான். நாளுக்கு 500. யோசனை இரவல். அமெரிக்காவில் 1999-இல் தொடங்கிய நானோரைமோ என்ற வழக்கம் ஒன்று உண்டு. நவம்பர் மாதத்துக்குள் 50,000 சொல் எழுத வேண்டும். நாளுக்கு 1,667 வரும். நடத்திய அமைப்பு 2025-இல் கடையை மூடிவிட்டது, ஆனால் அந்தக் கணக்கு உலகம் முழுக்கப் பரவி நிற்கிறது. நான் அதை எனக்குத் தகுந்த மாதிரி சுருக்கிக்கொண்டேன்.

இதில் தமிழுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல்லாக எழுதுவதை நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். 'எழுதிக்கொண்டிருந்தாள்' என்றால் கைப்பேசிக்கு அது ஒரு சொல்தான். ஆகவே 500 தமிழ்ச்சொல் என்பது 500 ஆங்கிலச் சொல்லைவிடக் கனம். இது தெரிந்ததும் நான் செய்த முதல் காரியம் திருட்டு. ராத்திரி பத்தரைக்கு 470-இல் நிற்கும். கண் சொருகும். 'பார்த்துக்கொண்டிருந்தாள்' என்பதைப் 'பார்த்து கொண்டு இருந்தாள்' என்று பிரித்தால் இரண்டு சொல் லாபம். பதினைந்து வினைச்சொல்லைப் பிரித்தால் 30. கணக்கு நேராகிவிடும். சந்திப்பிழை போனால் போகட்டும். இப்படியே சில வாரம் எழுதியதை இப்போது எடுத்துப் படித்தால், என் பாத்திரங்கள் எல்லாரும் திக்கித் திக்கி நடக்கிறார்கள்.

ஆனால் நான் சொல் கணக்கை விட்டதற்கு அது காரணமில்லை. திருட்டையெல்லாம் திருத்திக்கொள்ளலாம். விட்டதற்குக் காரணம் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயல்.

அந்த டிசம்பரில் எங்கள் பக்கம் இருந்தவர்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை. எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் மிதந்ததை எல்லாரும் செய்தியில் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் முழங்கால் தண்ணீர், நாலு நாள் கரண்ட் இல்லை. அப்புறம் சேறு வழிப்பது, மெத்தையைத் தூக்கி எறிவது, பையனின் பாடப்புத்தகங்களை ஃபேன் அடியில் விரித்துக் காயவைப்பது. மொத்தம் ஒன்பது நாள் எழுதவில்லை. பத்தாம் நாள் உட்கார்ந்தபோது முதலில் செய்தது கதையைத் திறந்ததல்ல, பெருக்கல். 9 பெருக்கல் 500, 4,500. அவ்வளவு பாக்கி.

சரி, தினமும் ஆயிரம் எழுதி அடைத்துவிடலாம் என்று நினைத்தேன். முதல் நாள் 640. அடுத்த நாள் 380. பாக்கி குறைவதற்குப் பதில் ஏறியது. பொங்கலுக்குள் 12,000. காலண்டர் தாளில் சிவப்பு மையில் எழுதிவைத்திருந்தேன். காணும் பொங்கல் அன்று அதைக் கிழித்துப் போட்டேன். அப்புறம் நாலு மாதம் ஒரு வரி எழுதவில்லை.

அந்த நாலு மாதத்தில்தான் இந்த உணர்வை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. அம்மா புது வண்ணாரப்பேட்டையில் இட்லிக்கடை போட்டிருந்த காலத்தில் தண்டல் வாங்குவார், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கிற கடன். 10,000 தண்டல் என்றால் பிடித்தம் போகக் கையில் வருவது 8,500. நாளுக்கு 100, நூறு நாள். சாயங்காலம் வண்டியில் வருவார் தண்டல்காரர், அட்டையில் டிக் போடுவார். வியாபாரம் நடக்கிறவரை ஒரு பிரச்சினையும் இல்லை. மழை பெய்து ரெண்டு நாள் கடை திறக்காவிட்டால், மூன்றாம் நாள் அம்மா அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே 300 ரூபாய் கீழே இருப்பார். அந்த வண்டிச் சத்தம் கேட்டால் என்னை வாசலில் நிறுத்தி, 'அம்மா இல்லைன்னு சொல்லு' என்பார். என் நோட்டைப் பார்த்து நானும் அப்படித்தான் ஒளிந்துகொண்டிருந்தேன்.

அதனால், எந்த இலக்காக இருந்தாலும் நான் இப்போது கேட்கிற கேள்வி ஒன்றுதான்: விட்டுப்போன பிறகு திரும்பி வர எவ்வளவு செலவாகும்? எழுதுகிற நாட்களில் எந்த முறையும் நன்றாகத்தான் வேலை செய்யும். வேலை, பிள்ளை, வயதான அம்மா என்று இருக்கிறவளுக்கு விட்டுப்போகாத மாதம் ஏது?

நேரக் கணக்கு அங்கேதான் ஜெயிக்கிறது. நேற்றைய அரைமணி நேரத்தை இன்றைக்குக் கொண்டுவந்து உட்கார முடியாது. போனது போனதுதான், பாக்கி என்ற பேச்சே இல்லை. 2025 மார்ச்சில் அம்மா வழுக்கி விழுந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரி. பன்னிரண்டாம் நாள் விடியற்காலை உட்கார்ந்தேன். என் கடன் அன்றைக்கு அரைமணி, முந்தின மாதம் எவ்வளவோ அதே அளவுதான். எழுதியது ஐந்து வரி. மறுநாளும் உட்கார முடிந்தது.

ஏன் விடியற்காலை என்றால் தண்ணீர். எங்கள் தெருக் குழாயில் ஐந்து மணி வாக்கில் வரும். குழாயில் வருகிற வேகத்துக்கு ஒரு நீல டிரம் நிரம்ப ஏறக்குறைய அரைமணி ஆகும். எப்படியும் விழித்துக்கொண்டு காவல் இருக்க வேண்டும். அந்த நேரத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன். சமையலறையில் அரிசி டிரம்தான் மேசை, அதன் மேல் 80 பக்க நோட்டு. கைப்பேசி வேறு அறையில். முதலில் காலி டிரம்மில் தண்ணீர் தடதடவென்று கொட்டும். பாதிக்கு மேல் சத்தம் மெலிந்து மேலேறும். விளிம்புக்கு வரும்போது ஒரு மாதிரி விசில் மாதிரி கேட்கும். அதுதான் எனக்கு மணி. வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் எழுந்துவிடுவேன். எழும்போது அடுத்து என்ன என்று ஒரு வரி கிறுக்கிவைப்பேன், மறுநாள் வெறும் தாளைப் பார்த்து விழிக்காமல் இருக்க. தண்ணீர் வராத நாளில் அலாரம்.

ஆந்தனி டிராலப் என்று 19-ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர். தபால் துறையில் வேலை பார்த்தபடியே விடியற்காலை 5.30-க்கு மேசைக்கு வந்துவிடுவார். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால்மணிக்கு 250 சொல். நேரக் கணக்கு, சொல் கணக்கு இரண்டையும் ஒன்றாகக் கட்டி மேய்த்த மனிதர். அவரை நேரத்துக்கு எழுப்பிக் காப்பி கொடுக்க ஒரு வேலையாள் இருந்தார், அதற்காகவே வருஷத்துக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம். இதைப் படித்த அன்று எனக்கு இருந்த பொறாமை கொஞ்ச நஞ்சமல்ல.

மெட்ரோவிலும் முயன்றேன். தேரடியில் ஏறினால் காலையில் பெரும்பாலும் உட்கார இடம் கிடைக்கும். உயர்நீதிமன்றம் போக இருபது நிமிடம் கூட ஆகாது. கதை சூடு பிடிப்பதற்குள் வண்டி புது வண்ணாரப்பேட்டை தாண்டித் தரைக்குள் இறங்கிவிடும். ஜன்னலில் வேடிக்கை இல்லாத பக்கத்து சீட்டுக்காரருக்கு என் கைப்பேசிதான் வேடிக்கை. அந்த நேரத்தை இப்போது படிக்க வைத்துக்கொண்டேன்.

நேரக் கணக்கில் ஓட்டை இல்லாமல் இல்லை. இதை எழுதுவதற்காகப் போன மாத நோட்டை எண்ணிப் பார்த்தேன். 26 நாள் உட்கார்ந்து 4,900 சொச்சம் சொல். பழைய முறையில் 26 நாளுக்கு 13,000 வந்திருக்க வேண்டும். வேகம் வேண்டுமென்றால் இது ஆகாது. அதைவிட மோசம், உட்கார்ந்தாலே கடமை முடிந்தது என்ற நினைப்பு வந்துவிடும். 2024 அக்டோபரில் இந்த முறைக்கு மாறியபோது, ஒரே கதையின் முதல் பத்தியைப் பத்தொன்பது நாள் திருத்தினேன். காற்புள்ளியை எடுப்பேன், மறுநாள் திரும்ப வைப்பேன். டிக் மட்டும் ஒழுங்காக விழுந்துகொண்டிருந்தது.

மூன்றாவது முறை, மாதம் ஒரு கதை. இதில் எனக்கு மூன்று மாத அனுபவம்தான், அதனால் இதைப் பற்றி நான் சொல்வதைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூன், கதை முடிந்தது, சுமார். ஜூலை 31 ராத்திரி பதினொன்றரைக்கு முடிவு கிடைக்காமல், நாயகனை எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரியில் அடிபடவைத்துக் கொன்றேன். ஆகஸ்டில் வேறு கதை, வேறு ஆள், அதே லாரி. நிறுத்திவிட்டேன். ஆனால் முடிக்கப் பழகவில்லை என்றால் வெறும் தொடக்கங்களாகவே சேரும் என்பதும் உண்மை. அதனால் இந்த முறையில் கொஞ்சத்தை மட்டும் கடன் வாங்கி வைத்திருக்கிறேன். வருஷத்துக்கு இரண்டு மூன்று சிறுகதைப் போட்டிகளின் கடைசித் தேதியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுவேன். '1,500 சொற்களுக்கு மிகாமல்' என்று அவர்களே வரம்பு போட்டுவிடுகிறார்கள். தேதிக்கு முந்தின பத்து நாள் மட்டும் அந்த அரைமணியில் புதிதாக எதையும் தொடங்குவதில்லை, முடிப்பது மட்டும்தான். லாரியைப் பக்கத்தில் விடுவதில்லை.

இப்படி இதுவரை ஏழு கதை முடிந்திருக்கிறது. இரண்டு அச்சில் வந்தன. சொல் கணக்குக் காலத்தில் முடிந்தது பூஜ்யம்.

ஆனால் எல்லாருக்கும் இதுதான் சரி என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் நாளுக்கு 300 சொல் என்று வைத்து ஒரு நாவலையே முடித்துவிட்டார். ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருப்பவருக்குக் குறிப்பிட்ட நேரம் என்பது சரிப்படாது. "விட்ட நாள் பாக்கியை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "அத யாரு எண்ணுறது?" என்று சிரித்தார். அந்த மனசு இருந்தால் சொல் கணக்கே போதும். எனக்கு இல்லை, நான் தண்டல் வீட்டில் வளர்ந்தவள். நாவல் எழுத என் அரைமணி தாங்குமா என்பதும் தெரியவில்லை. ஒன்றைத் தொடங்கி 41 பக்கம் வந்திருக்கிறேன். முன்னால் எழுதியது மறந்துபோய், பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதிலேயே டிரம் நிரம்பிவிடுகிறது.

அந்தப் பெண் நேற்று ராத்திரி வாட்ஸ்அப் அனுப்பியிருந்தாள். "அக்கா, இருபது நிமிஷம் உக்காந்தேன். ஒரு வரிகூட வரல." நான் திரும்ப அனுப்பினேன்: "அது கணக்குல சேரும். நாளைக்கும் அதே இருபதுதான்."