ரோமா, இல்லவாராவா: இரு இளைஞர்கள், இரு பாதைகள்

பள்ளி முடித்த கையோடு அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் நுழைவதை, லீக்கும் வீரர் சங்கமும் செய்த 2005ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் வயது வரம்பு தடுத்துவிட்டதால், கல்லூரியில் ஊதியமின்றி ஆட விரும்பாத அமெரிக்க இளைஞருக்கு வெளிநாடு ஒரு வழியாயிற்று.

2008இல் பிராண்டன் ஜென்னிங்ஸ் அரிசோனா பல்கலைக்கழகத்தைத் தவிர்த்து ரோம் நகர அணியான லோட்டோமேட்டிகா ரோமாவில் சேர்ந்தார். ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான யூரோலீக்கில் ஆடிய அந்த அணிக்கு வெற்றிதான் முக்கியம். பதின்வயதுப் பையனை வளர்த்தெடுப்பது அதன் வேலையன்று. இத்தாலிய லீக்கில் அவருடைய சராசரி 5.5 புள்ளிகள் மட்டுமே.

லாமெலோ பால் 2019இல் ஆஸ்திரேலியாவின் இல்லவாரா ஹாக்ஸைத் தேர்ந்தார். (பதினாறு வயதிலேயே லிதுவேனியாவில் ஆடியவருக்கு வெளிநாடு புதிதன்று.) என்பிஏ அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் தேர்வை நோக்கும் இளைஞர்களுக்கென்றே ஆஸ்திரேலிய லீக் 2018இல் தொடங்கிய நெக்ஸ்ட் ஸ்டார்ஸ் திட்டத்தின்வழி வந்ததால் பந்து அவர் கையிலேயே இருந்தது, கெய்ர்ன்ஸ் அணிக்கு எதிராக 32 புள்ளிகள், 13 அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்கத் தந்த பந்து), 11 ரீபவுண்ட் (கூடை தவறிய பந்தைக் கைப்பற்றுதல்) குவித்தார். பாதக் காயத்தால் 12 ஆட்டங்களே ஆட முடிந்தது. அணியோ பட்டியலில் கடைசி இடம்.

தேர்வில் ஜென்னிங்ஸுக்கு 10ஆம் இடம், லாமெலோவுக்கு 3ஆம் இடம். வெளிச்சம் வேண்டுவோருக்கு ஆஸ்திரேலியாவே மேல் என்பேன். ஆயினும் ரோமில் பெஞ்சில் பொறுத்திருந்த அதே ஜென்னிங்ஸ், 2009 நவம்பரில் மில்வாக்கி அணிக்காக, முதல் கால்பகுதியில் ஒரு புள்ளிகூட எடுக்காமல், மூன்றாவதில் மட்டும் 29 எடுத்து, மொத்தம் 55 புள்ளிகளில் ஆட்டத்தை முடித்தார்.